பிரிண்டர் வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்

தென்காசியை அடுத்த இலஞ்சிப் பக்கம் பல வீடுகளில் அலமாரிக்குள் ஓர் அரசு லேப்டாப் கிடக்கும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது. அதைத் தூசி தட்டி, ஒரு பிரிண்டர் சேர்த்து, பள்ளி புராஜெக்டுக்கோ சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடைக்கோ பயன்படுத்தலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் கடையில் கேட்பதெல்லாம் விலை, கலர் வருமா, மைச் செலவு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுகிறது. 'என் கம்ப்யூட்டரில் இருக்கும் இயங்குதளத்தோடு இது ஒத்துப்போகுமா' என்ற கேள்வி வீட்டுக்கு வந்து ஒயரைச் செருகிய பிறகுதான் எழுகிறது.

பிரிண்டருக்கு 'அ' என்ற எழுத்து தெரியாது. எந்த இடத்தில் புள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். எழுத்தையும் படத்தையும் அதற்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் நிரல்தான் டிரைவர். அது இயங்குதளத்தின் உட்பகுதியோடு ஒட்டி வேலை செய்வதால், விண்டோஸுக்கு எழுதியது மேக்கில் ஓடாது. மேக்குக்கு எழுதியது லினக்ஸில் ஓடாது.

எல்லாக் கருவிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ், இப்போது வரும் வெப்கேம், யுஎஸ்பி ஹெட்செட் போன்றவற்றுக்குப் பொதுவான தரம் வகுத்தாகிவிட்டது. அந்தத் தரத்துக்கான டிரைவரை எல்லா இயங்குதளங்களும் கையோடு வைத்திருக்கின்றன. செருகினால் ஓடும். தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சேதி: தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் வழியாக வந்த விசை அமைப்பு. அதை இயங்குதளத்தின் மொழி அமைப்பில்தான் தேர்ந்தெடுக்கிறோம். சாதாரண கீபோர்டே போதும்.

சிக்கல் பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை மெஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றில்தான் வருகிறது. ஜெராக்ஸ் கடைகளில் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு லேசர் பிரிண்டர்களையே எடுத்துக்கொள்ளலாம். கேனன் எல்பிபி2900 தன் கம்பெனிக்கே உரிய 'கேப்ட்' மொழியில்தான் பேசும். பக்கத்தை வரையும் வேலையின் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் தலையில் போட்டுவிடும். எச்பி லேசர்ஜெட் 1020 அதற்கும் ஒரு படி மேலே. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் உள் நிரலைக் கம்ப்யூட்டரே திரும்ப ஏற்றிவிட வேண்டும். விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸில் பிரச்சினையில்லாமல் ஓடும் இவற்றை லினக்ஸில் ஓட்டக் கூடுதல் நிரல்களைத் தேடி நிறுவ வேண்டும். பழைய பிரிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஆதார் கைரேகை மெஷின் கதை வேறு. மெஷினுக்கு டிரைவர் மட்டும் போதாது. ஆதார் ஆணையத்தில் பதிவு பெற்ற 'ஆர்டி சர்வீஸ்' என்ற நிரலும் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஓட வேண்டும். எல்0 என்ற பழைய வகையைக் கழித்து, கைரேகையைக் கருவிக்குள்ளேயே பூட்டி அனுப்பும் எல்1 வகைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். பொதுச் சேவை மையம் வைக்க நினைப்பவர் எல்1தானா, அதன் ஆர்டி சர்வீஸ் தன் விண்டோஸ் பதிப்பிலோ ஆண்ட்ராய்டு பதிப்பிலோ ஓடுமா என்ற இரண்டையும் கேட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

பெட்டியின் மேல் 'விண்டோஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கானது 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டது. அதற்காகப் பழைய கருவிகள் அன்றோடு நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாக வரும் மாடலுக்கு விண்டோஸ் 7 டிரைவர் எழுத எந்தக் கம்பெனியும் மெனக்கெடாது. அடுத்தது 32 பிட்டா, 64 பிட்டா என்பது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் ஏறாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். புது லேப்டாப்காரர்களும் தப்பவில்லை. 2024 முதல் விற்பனைக்கு வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களில் இருப்பது ஆர்ம் வகைச் சிப். பழைய மென்பொருள்கள் பலவும் அதில் ஒப்பேற்றி ஓடிவிடும். ஆனால் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும்.

அரசு லேப்டாப் பலவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் இன்றும் நல்ல வழி. ஆனால் பெட்டியில் லினக்ஸ் பெயரை அச்சிடும் வழக்கம் குறைவு. பெயர் இல்லாததால் ஓடாது என்று அர்த்தமில்லை. 'ஏர்பிரிண்ட்' அல்லது 'மோப்ரியா' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை பெற்றவை வைஃபை வழியாகப் பொது மொழியில் பேசும் பிரிண்டர்கள். மேக், விண்டோஸ் 11, போன், இன்றைய லினக்ஸ் எதுவானாலும் தனி டிரைவர் இல்லாமலே பெரும்பாலும் அச்சிட்டுவிடும். கம்பெனிகளின் தனி டிரைவர்களைத் தன் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்டே 2023இல் அறிவித்துவிட்டது. இன்று பிரிண்டர் வாங்குபவர் இந்த முத்திரை உள்ளதையே வாங்க வேண்டும் என்பேன், சில நூறு ரூபாய் கூடினாலும்.

கடை அண்ணாச்சி 'எல்லாத்துலயும் ஓடும், கொண்டுபோங்க' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஓடியிருக்கும். உங்களுடையதில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் 10, 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் பதிப்பு, பிட், சிப் வகை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசிக் கடையில் வாங்கும்போது லேப்டாப்பையே கொண்டுபோய், ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். ஆன்லைனில் வாங்குவதானால், மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் தயாரிப்பாளரின் தளத்தில் தட்டி, டிரைவர் பட்டியலில் உங்கள் இயங்குதளப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரும் இல்லை, பெட்டியில் அந்த முத்திரையும் இல்லை என்றால், தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் அந்த மாடலை வாங்காதீர்கள்.