தோள் வலியா? ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்



“தோளு குத்துது, கை மேலே போக மாட்டேங்குது.” “ராத்திரியில விரல் மரத்துப் போவுது.” பெரட்டுக்களத்திலும் வீட்டு வாசலிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பக்கத்தில் இருப்பவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: “வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்.” வயதுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அந்த ஒரு சொல்லால் வேலையின் பங்கை மறைத்துவிடக் கூடாது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கையை மடக்க ஒரு தசை இழுக்கும், நீட்ட இன்னொரு தசை இழுக்கும். தசையின் நுனி கயிறு போல இறுகி எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்குத் தசைநாண் என்று பெயர். தசையில் இரத்தம் நிறைய ஓடும். நாணில் குறைவாகத்தான் ஓடும். அதனால்தான் தசைப்பிடிப்பு சில நாளில் சரியாகிவிடுகிறது; நாண் நைந்தால் ஆற வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகிறது. ஆறுவதற்குள் மறுபடியும் அதே வேலையில் இழுத்தால், நைந்த கயிறு மேலும் நையும்.

தோள்

தோள் மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. இடுப்பில் அந்தக் கிண்ணம் ஆழமாக இருக்கும். தோளில் சிறிய தட்டு போல ஆழமில்லாமல் இருக்கும். கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். பந்து நழுவாமல் பிடித்து வைப்பவை முக்கியமாக நான்கு சிறிய தசைகள். பந்துக்கு மேலே எலும்பினால் ஆன ஒரு கூரை உண்டு. இடையில் உள்ள சந்தில் ஒரு நாண் செல்கிறது. கையைத் தோளுக்கு மேலே தூக்கும்போது அந்தச் சந்து குறுகும், நாண் நசுங்கும்.

உயரமான செம்பனையில், நீளக் கம்பின் நுனி அரிவாளால், அண்ணாந்து நின்று மட்டையும் குலையும் வெட்டுகிறவருக்கு நாள் முழுக்க நடப்பது இதுதான். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் வலிப்பதும், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாமல் போவதும் இதன் அடையாளங்கள்.

முழங்கை

மணிக்கட்டைப் பின்பக்கம் வளைக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்புறக் குமிழில் தொடங்குகின்றன. ஒரு பொருளை இறுக்கிப் பிடித்தாலே இவையும் சேர்ந்து இறுகும். பால் வெட்டும் கத்தி, குலை தூக்கும் கொக்கி, மருந்து பம்பின் கைப்பிடி எல்லாம் இந்தக் குமிழில்தான் இழுக்கும். துணி பிழியும்போது, தண்ணீர் நிறைந்த கெட்டிலைத் தூக்கும்போது அங்கே சுருக்கென்று வலிக்கும். இதற்கு ‘டென்னிஸ் முழங்கை’ என்று பெயர். டென்னிஸ் மட்டையைக் கையால் தொடாத நமக்கும் இது வரும்!

மணிக்கட்டு

மணிக்கட்டின் உள்புறம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அதற்குள் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. நாண்களைச் சுற்றி வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இரவில் விழித்துக் கையை உதறிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நிரையில் 500 மரம், மரத்துக்குப் பத்து இழுப்பு என்றாலும், ஒரு காலையில் 5,000 தடவை மணிக்கட்டு அசைகிறது. உதிரிப்பழம் பொறுக்கும் தாய்மார்களின் விரல்களுக்கும் ஓய்வில்லை.

என்ன செய்யலாம்?

* கத்தியும் அரிவாளும் மழுங்க மழுங்கக் கைக்கு அதிக பலம் வேண்டும். தீட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். வழுக்கும் பிடியைச் சுற்றி ரப்பர் டியூப் கட்டினால், இறுக்கிப் பிடிக்கும் பாடு குறையும்.
* பெரிய குலையை ஒருவர் மட்டும் தூக்க வேண்டாம்.
* புதிதாக வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவாதீர்கள். முதல் இரண்டு நாள், ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வையுங்கள்.
* தோள் வலிக்கிறது என்று மாதக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்தாலும் மூட்டு இறுகிவிடும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இது அதிகம். முன்னால் குனிந்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுங்கள். வலி கூடினால் நிறுத்துங்கள்.
* ஒரு வெட்டில் சுருக்கென்று இழுத்தபின் கை தூக்கவே முடியவில்லையா? விழுந்து கையை ஊன்றியபின் மணிக்கட்டு வீங்குகிறதா? கோணலாகத் தெரிகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். இழுத்துச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது?

“கை வலிக்குது டாக்டர்” என்று மட்டும் சொன்னால், மாத்திரையோடு திரும்பி வருவோம். “நாளெல்லாம் அண்ணாந்து குலை வெட்டுறேன், மூணு மாசமா இந்த வலி” என்று வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடர்ந்து ஒரே மாதிரி அசைவதால் கையின் நாண்களில் வரும் வீக்கம், சொக்சோ சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வலிக்கு வேலையே காரணம் என்பது டாக்டரின் குறிப்பில் ஏறினால்தான் அந்த உரிமையைக் கேட்க வழி பிறக்கும்.

வேலை விபத்தானால், அது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றைக்கே மண்டோரிடமோ ஆபீசிலோ சொல்லிவிடுங்கள். பார்த்தவர் பெயரையும் குறித்து வையுங்கள். வேலை விபத்துக்கோ தொழில் நோய்க்கோ டாக்டர் குறைந்தது 4 நாள் எம்.சி. கொடுத்தால், சட்டம் கணக்கிடும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைப் பணமாகக் கிடைக்கும்.

“ஒரு நாள் நின்னா கூலி போச்சே” என்று வலியை விழுங்கிக்கொண்டு வெட்டுகிறவர்கள் நம்மிடையே பலர். அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் நாண் முழுவதும் அறுந்துவிட்டால் போவது ஒரு நாள் கூலியோடு நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் கிளினிக்குக்குப் போங்கள். சொக்சோ பாரம் நிரப்பத் தயக்கமாக இருந்தால், உங்கள் தோட்டக் கமிட்டித் தோழரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்.