சிறார் பருவ மனச்சோர்வில் மரபணுக் காரணிகள்: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தில் தொடங்கும் மனச்சோர்வில் மரபணுவின் பங்கையும், உறவுமுறைத் திருமணம் மிகுந்த சூழலில் அப்பங்கினைப் புரிந்துகொள்ள வேண்டிய முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மனச்சோர்வு, மரபுப்பேறு, இரட்டையர் ஆய்வு, உறவுமுறைத் திருமணம்.

முன்னுரை

குற்றால அருவியில் நீராடினால் பித்தம் தெளியும் என்பது தென்காசி வட்டார மக்களின் நம்பிக்கை. உள்ளத்தின் நோய்க்கு உடலிலும் வேர் உண்டு என்ற எண்ணம் அதில் பொதிந்துள்ளது. எனினும் ஒரு சிறுவன் காரணமின்றிச் சோர்ந்திருக்கும்போது, ‘வம்சத்திலேயே உண்டு’ என்றும் ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்றும் கூறும் வழக்கம் தமிழகத்தில் உள்ளது. இவ்விரு கூற்றுகளும் ஆராயத்தக்கன.

மரபின் அளவு

ஒரு கரு இரட்டையரையும் இரு கரு இரட்டையரையும் ஒப்பிட்டு மரபின் பங்கு கணிக்கப்படுகிறது. சல்லிவன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் தொகுத்த ஆய்வு, பெருமனச்சோர்வின் மரபுப்பேற்றை 37 விழுக்காடு என மதிப்பிட்டது. நூறு நோயாளிகளுள் 37 பேருக்கு மரபால் நோய் வருகிறது என்பது இதன் பொருளன்று. மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் அவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டைச் சார்ந்தது என்பதே பொருள்.

சிறாரிடம் இவ்வளவு வயதுக்கேற்ப மாறுகிறது. 8 முதல் 16 வயது வரையிலான இரட்டையரை ஆராய்ந்த தாப்பர், மெக்கஃபின் ஆகியோர் (1994), இளஞ்சிறாரிடம் குடும்பச் சூழலின் செல்வாக்கும் வளரிளம் பருவத்தினரிடம் மரபின் செல்வாக்கும் மிகுந்திருப்பதாகக் கண்டனர்.

ஒற்றை மரபணு உண்டா?

செரட்டோனின் கடத்தி மரபணுவின் குறுவடிவம் உடையோர் வாழ்க்கை நெருக்கடியில் எளிதில் சோர்வுறுவர் என 2003இல் காஸ்பி குழுவினர் முன்வைத்த கருத்து பெரும் கவனம் பெற்றது. ஆயின் 2019இல் பார்டர் குழுவினர் இத்தகைய 18 மரபணுக்களைப் பெருந்தரவுகளில் சோதித்தபோது அக்கருத்துக்குச் சான்று கிட்டவில்லை. அதே ஆண்டில் ஹோவர்டு குழுவினர் 102 மரபணு வேறுபாடுகளை மனச்சோர்வுடன் தொடர்புபடுத்தினர். அவை ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. எனவே மனச்சோர்வுக்கென ஒரு தனி மரபணு இல்லை.

உறவுமுறைத் திருமணம்

தமிழகத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவினரிடையே நிகழ்வதை ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அத்தை, மாமன் மக்களுக்குப் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் கெழு 1/16. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு 1/8. அரிய ஒடுங்கு மரபணு நோய்கள் இதனால் பெருகும். ஆனால் பல மரபணுக்களின் சிறு விளைவுகள் கூடி அமையும் மனச்சோர்வுக்கு இவ்விதியை அப்படியே பொருத்த இயலாது. பெற்றோரின் திருமணத்தைக் குழந்தையின் சோர்வுக்குக் காரணமாகச் சுட்டுவது சான்றற்ற பழியாகும்.

பெற்றோரின் நலம்

மனச்சோர்வுடைய பெற்றோர் மரபணுவுடன் வீட்டுச் சூழலையும் குழந்தைக்கு அளிக்கின்றனர். இவற்றுள் சூழல் மாற்றத்தக்கது. தாயின் மனச்சோர்வு சிகிச்சையால் நீங்கியபோது குழந்தைகளின் நோய்க்குறிகளும் குறைந்தன என வைஸ்மன் குழுவினர் 2006இல் காட்டினர்.

முடிவுரை

குடும்ப வரலாறு என்பது விதியன்று, முன்னெச்சரிக்கை. சிறாரிடம் மனச்சோர்வு அழுகையாக மட்டுமன்றி எரிச்சல், வயிற்றுவலி, பள்ளி செல்ல மறுத்தல் எனவும் வெளிப்படும். இக்குறிகள் தொடரும்போது பெற்றோரின் மனநலத்தையும் உடன் வினவுதல் இன்றியமையாதது. மாவட்ட மனநலத் திட்டமும் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416உம் அதற்கு வழியமைக்கின்றன. ‘வம்சத்தில் உண்டு’ என்ற சொல் சிகிச்சையை நிறுத்துவதற்கன்று, விரைந்து தொடங்குவதற்கே காரணமாக வேண்டும்.