ஆள் வீடு திரும்பவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாசகி, சாமையில் குருத்து ஈ விழுவதைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார். அதற்கான பதில் கேள்வி-பதில் பகுதியில் இருக்கிறது. கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. ‘அறுப்பு முடிஞ்சதும் பையனை மரம் வெட்டற வேலைக்கு மேஸ்திரி கூப்பிடறாரு. எந்த ஊருன்னு சொல்லல. முன்பணம் மட்டும் தர்றேங்கறாரு. போனவன் வரலைன்னா நாங்க யாருகிட்ட போறது?’

வேளாண்மை படித்தவன் பதில் சொல்லக்கூடிய கேள்விதானா இது என்று ஆசிரியர் குழு கேட்டது. மலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் என்பதால் நானே எழுதுகிறேன் என்றேன்.

மலை விவசாயத்தின் கணக்கு தெரிந்தால்தான் இந்தக் கேள்வி புரியும். பெரும்பாலான குடும்பங்களுக்கு மானாவாரிச் சாமைதான் பிரதானம். ஆடி மழையை நம்பி விதைத்து, மழை ஓய்வதற்குள் அறுத்துவிடுவார்கள். புளி உலுக்கிக் கையில் காசு பார்க்க மாசி, பங்குனி ஆகும். நடுவே கடுக்காய், தேன் என்று ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் மேஸ்திரி மலையேறி வருகிறார். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து வந்த ஏ.டி.எல். 1 சாமை நல்ல ரகம். நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் ஒரு ஏக்கர் சரிவு நிலத்தை வைத்திருப்பவருக்கு, நல்ல ரகம் மட்டும் ஆண்டு முழுக்கச் சோறு போட்டுவிடாது.

மேஸ்திரி சொல்லாமல் விடும் அந்த ஊர், பல நேரங்களில் ஆந்திராவின் சேஷாசலம் காடு. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே அந்தப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில்தான். வெளிநாட்டில் அதற்கு ஏக கிராக்கி. பெரிய லாபம் கடத்துகிறவருக்கு, வெட்டுகிறவருக்குக் கூலி, பிடிபட்டால் சிறையும் அவருக்கே.

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஜவ்வாது மலையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள் அதில் பலர். மரம் வெட்ட வந்தவர்கள் கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை. தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. பொதுவாக இப்படிப்பட்ட செய்தி இரண்டு வாரத்தில் ஆறிப்போகும். ‘கடத்தல்காரர்கள்தானே’ என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இந்த முறை ஆறவில்லை. காரணம், மலையிலும் அடிவாரத்திலும் இருந்த சாதாரண ஆட்கள் சிலர் செய்த மூன்று காரியங்கள்.

கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், உடலை உடனே எரித்துவிடச் சம்மதிக்கவில்லை. மறுபடியும் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று நீதிமன்றம் போனார். திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் ஆறு உடல்கள் காத்து வைக்கப்பட்டு, ஹைதராபாத் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மறு பரிசோதனை நடந்தது. அவர் கொடுத்த புகாரின்பேரில் சந்திரகிரி காவல் நிலையத்தில் கொலை வழக்கே பதிவானது. சுட்டவர்கள் மீது ஒரு மலைக் கிராமத்துப் பெண்ணின் பெயரில் முதல் தகவல் அறிக்கை! எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

மற்ற காரியம், அதே குழுவில் புறப்பட்டு வழியில் தப்பிய ஆட்கள் வாய் திறந்தது. ‘எங்களோடு வந்தவர்களை முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள்’ என்பது அவர்கள் சாட்சியம். அது உண்மையென்றால், காட்டில் நேருக்கு நேர் மோதல் நடந்தது என்ற கதை நிற்காது. இந்தச் சாட்சிகளைப் பத்திரமாக டெல்லிக்கு அழைத்துப் போய், தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம். 1995 முதல் இயங்கும் அமைப்பு அது; ஹென்றி திபேன் அதன் நிர்வாக இயக்குநர். சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுங்கள், நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதியுங்கள் என்று ஆணையம் உத்தரவிட்டது. பிறகு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் சி.பி.ஐ. விசாரணையும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆந்திர அரசு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. இழுபறிதான். ஆனால் ஏட்டில் ஏறிவிட்டது, அழிக்க முடியாது.

மூன்றாவது காரியம் சின்னது, யாரும் பேசாதது. யார் யார் எந்தத் தேதியில், யாரோடு, எந்த வழியாகப் போனார்கள் என்று வீட்டில் இருந்தவர்கள் நினைவு வைத்துச் சொன்னார்கள். அந்த விவரம் இல்லாவிட்டால் மேலே சொன்ன இரண்டும் நடந்திருக்காது.

இந்த மாதிரி ஆட்களுக்கு உலக அளவில் ஒரு பெயர் இருக்கிறது: மனித உரிமைக் காப்பாளர். 1998 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை இவர்களுக்கென்றே ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. வக்கீலாக இருக்க வேண்டும், சங்கத்தில் பதவி வேண்டும் என்றெல்லாம் அதில் கிடையாது. தனக்கோ அடுத்தவருக்கோ உள்ள உரிமைக்காக, வன்முறை இல்லாமல் நிற்கிற எவரும் காப்பாளர்தான். அப்படிப் பார்த்தால் கிராமசபையில் எழுந்து, ‘வன உரிமை மனு என்னாச்சு?’ என்று கேட்கிற அம்மாவும் காப்பாளர்தான்.

பக்கத்து மலையில் இதற்கு இன்னும் பழைய கதை உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அங்கேயும் நம் மலையாளி மக்கள்தான். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் துணை நின்று, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், 2011 செப்டம்பர் 29 அன்றுதான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முதல் தீர்ப்புக்கே 19 வருடம். அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் வாய்தாவுக்கு வாய்தா போய், சொன்னதையே மாறாமல் சொன்னார்கள். கூட நிற்க ஆள் இல்லாமல் ஒருவரால் அப்படித் தாங்க முடியாது. என்னைக் கேட்டால், ‘பயிற்சியும் துணையும்’ என்று பெரிய கூட்டங்களில் பேசுகிறார்களே, அதற்கு வாச்சாத்தியைவிட நல்ல பாடம் கிடையாது.

சரி, இதற்குப் பயிற்சி என்று ஒன்று உண்டா? உண்டு. நம் துறையில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்துகிறோமே, அது 1989-ல் இந்தோனேசியாவில் நெல் வயலில் தொடங்கியது. வாரம் ஒருநாள் விவசாயிகள் வயலில் கூடி, எது தீமை செய்யும் பூச்சி, எது நன்மை செய்யும் பூச்சி என்று தாங்களே எண்ணிப் பார்த்து முடிவெடுக்கக் கற்ற பள்ளி. அதே 1989-ல், இந்தோனேசியப் படையின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரைச் சேர்ந்த ஜோசே ராமோஸ் ஹோர்ட்டா, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் வேறொரு பயிற்சியைத் தொடங்கினார். நாடு கடந்து வாழ்ந்துகொண்டு, ஐ.நா.வில் தன் மக்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தவர் அவர். நியாயம் நம் பக்கம் இருந்தால் போதாது, அதை எங்கே, எப்படி, எந்தத் தாளில் சொல்வது என்றும் தெரிய வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் அடிப்படை. ஆசிய, பசிபிக் நாடுகளின் காப்பாளர்கள், பழங்குடிகள் பலர் அதில் கற்றிருக்கிறார்கள். ஹோர்ட்டாவுக்கு 1996-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் தன் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். பாங்காக்கை மையமாகக் கொண்ட ஃபோரம்-ஆசியா போன்ற அமைப்புகளும் பயிற்சி கொடுக்கின்றன; ஆபத்தில் இருக்கும் காப்பாளர்களுக்கு உதவுகின்றன.

சிட்னியும் பாங்காக்கும் ஜமுனாமரத்தூருக்கு ரொம்ப தூரம். பக்கத்திலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ‘சட்டத் தன்னார்வலர்’ என்று உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. இவர் வக்கீல் இல்லை. வக்கீலிடமும் அலுவலகத்துக்கும் நம்மை அழைத்துப் போகிறவர். பத்தாம் வகுப்பு படித்திருந்தால் நல்லது. மகளிர் குழுவில் இருப்பவர், அங்கன்வாடி ஊழியர், ஓய்வு பெற்ற வாத்தியார் யாரும் ஆகலாம். வேலை செய்யும் நாளுக்கு மதிப்பூதியமும் உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து இதற்கு ஆள் விண்ணப்பிப்பது குறைவு என்பது என் கவலை. உழவர் குழு அமைக்கச் சொன்னால் இருபது பேர் வருகிறார்கள், இதற்கு இருவர் வந்தால் போதும்.

இனி வாசகியின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன்.

முதலில், எந்த ஊர் என்று சொல்லாத வேலைக்குப் பையனை அனுப்பாதீர்கள். செம்மரம் வெட்டுவது குற்றம். ‘எனக்குத் தெரியாது, கூலிக்குத்தான் வந்தேன்’ என்பது அங்கே எடுபடாது. முன்பணத்தைக் கைநீட்டி வாங்கிவிட்டால் போக மாட்டேன் என்று சொல்வதும் கஷ்டம். அதே நேரம் ஒன்றை மறக்க வேண்டாம். மரம் வெட்டியவனாகவே இருந்தாலும், அவனைப் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். தண்டனை கொடுப்பது கோர்ட்டின் வேலை.

எந்த வெளியூர் வேலைக்குப் போனாலும், போவதற்கு முன் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மேஸ்திரி பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், கூடப் போகிறவர்கள் பெயர், கிளம்பிய தேதி. ஒரு போட்டோவும் ஆதார் நகலும் அதில் இருக்கட்டும். நெல் மூட்டைக்குக் கணக்கு எழுதுகிறோம், பெற்ற பிள்ளைக்கு எழுதக் கூடாதா?

சொன்ன நாளில் ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால், ‘பத்து நாள் பார்ப்போம்’ என்று இருக்க வேண்டாம். மேஸ்திரி அப்படித்தான் சொல்வார். மறுநாளே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சம்பவம் வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும், குற்றம் நடந்ததாகத் தகவல் கொடுத்தால் எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்து அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலேயே அது இருக்கிறது. மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் படி இறங்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம்.

15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். இது இந்தியா முழுமைக்கும் பொது எண். ஆந்திரச் சிறையில் இருப்பவருக்கும் வக்கீல் கேட்கலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானச் சான்று பார்க்காமலே இந்த உதவி உண்டு. ஆளை எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட அந்த வக்கீலிடம் சொல்லுங்கள்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். துக்கத்தில் இந்த ஒரு வருடத்தைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, ஊருக்காக முன்னால் நிற்கிறவருக்கு ஊர் என்ன செய்ய வேண்டும்? அவருக்கு ஆபத்து வரும். 2010 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில், காவல்துறை மீதான புகாரை விசாரிக்கப் போன மக்கள் கண்காணிப்பகக் குழுவினரே கைதானார்கள். பெயர் பெற்ற அமைப்புக்கே அந்தக் கதி என்றால், மலையில் தனியாக மனு எழுதுகிறவருக்கு என்னவெல்லாம் வரும்? காட்டுக்குள் தேன் எடுக்கப் போனால் வழக்கு, ரேஷன் கடையில் ஏச்சு, மேஸ்திரியின் மிரட்டல். அதனால் ஒருவரை மட்டும் அனுப்ப வேண்டாம். காவல் நிலையத்துக்கோ கோர்ட்டுக்கோ எப்போதும் இரண்டு பேர் போகட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர் போகிற நாளில் அவர் வயல் வேலையை மற்றவர்கள் கைமாற்றாகச் செய்து கொடுக்கலாம். மலையில் அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. பஸ் செலவை மகளிர் குழுக் கணக்கில் எழுதலாம். மனுக்களின் நகலை அவர் வீட்டில் மட்டும் வைக்காமல், இன்னொரு வீட்டிலும் ஒரு கட்டு வையுங்கள்.

அடுத்த கிராமசபை நடக்கும்போது, ‘எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரைச் சட்டத் தன்னார்வலர் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று தீர்மானம் எழுதி, அதன் நகலைத் திருவண்ணாமலை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கொடுங்கள். புதூர்நாடு பக்கம் இருப்பவர்கள் திருப்பத்தூருக்குப் போக வேண்டும். கொடுத்ததற்கு அங்கேயும் ஒரு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.