பச்சைக்குள் கொஞ்சம் நீலம்: மெத்தனால் ஆலைகளுக்கு இந்த நிறம் ஏன் முக்கியம்?

செம்புப் பாத்திரத்தைத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். ஈரக்காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலை அது. அதே செம்புக் கார்பனேட் பூமிக்குள் கல்லாக விளைந்தால், அதன் பெயர் மாலகைட். நகைகளில் பதிக்கும் பச்சைக் கல். அதில் செம்பு இருக்க வேண்டிய சில இடங்களில் துத்தநாகத்தை உட்கார வைத்தால் கிடைப்பதுதான், இன்று மெத்தனால் ஆலைகளுக்கான வினையூக்கியின் தாய்ப்பொருள்.

முதலில், கல் ஏன் பச்சை? மாலகைட்டில் ஒவ்வொரு செம்பு அயனியைச் சுற்றியும் 6 ஆக்சிஜன்கள். ஆனால் சமதூரத்தில் இல்லை. செம்பின் வெளி அடுக்கில் 10 எலெக்ட்ரான் இருக்க வேண்டிய இடத்தில் 9 மட்டுமே இருப்பதால், 2 ஆக்சிஜன்கள் மட்டும் தள்ளிப் போய் நிற்கும், வடிவம் நீள்கிறது. இதற்கு யான்-டெல்லர் விளைவு என்று பெயர். அந்தக் காலி இடத்துக்கு எலெக்ட்ரான் தாவும்போது சிவப்பு ஒளியை விழுங்கிவிடுகிறது. மறுமுனையில் ஊதாவும் விழுங்கப்பட, மிஞ்சுவது பச்சை.

துத்தநாகத்தில் 10 இடமும் ஃபுல். தாவ இடமில்லை, நிறமும் இல்லை. அதன் கார்பனேட் வெறும் வெள்ளை.

அப்படியானால் இரண்டையும் கலந்தால் வெளிர்பச்சை வரணும், இல்லையா? வருவது நீலம் கலந்த பச்சை! துத்தநாகத்துக்கு நீண்ட கூடு பிடிக்காது. அது நுழைய நுழைய சராசரி நீட்சி குறைகிறது, படிக அடுக்குகள் நெருங்குகின்றன. செம்பு விழுங்கும் ஒளியும் இடம் மாறுகிறது. எக்ஸ்-ரே படத்தில் ஒரு கோடு நகர்வதை வைத்து, எவ்வளவு துத்தநாகம் உள்ளே போயிருக்கிறது என்றே கணக்கிடலாம்.

எல்லையும் உண்டு. சுமார் 28 சதவீதத்துக்கு மேல் மாலகைட் துத்தநாகத்தை ஏற்பதில்லை. மீதி, ஆரிகால்சைட் என்ற வெளிர்நீலக் கனிமமாகப் பிரிந்துவிடும். பித்தளைக்கான பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; பித்தளையே செம்பும் துத்தநாகமும்தானே!

வினையூக்கிகளில் செம்பும் துத்தநாகமும் பெரும்பாலும் 70:30 அளவில் இருப்பதற்கும் இந்த எல்லைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பச்சைப் பொடியைச் சூடாக்கினால் ஆக்சைடாகிறது. பிறகு ஹைட்ரஜன் செலுத்தினால், நானோ அளவுச் செம்புத் துகள்கள். நடுநடுவே துத்தநாக ஆக்சைடு நின்று, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. கார்பனேட்டிலேயே இரண்டும் அணு அளவில் கலந்திருந்தால்தான் இந்தத் தடுப்பு ஒழுங்காக அமையும். பொடி கருத்து, பச்சை போன பிறகும் இதன் பலன் நிற்கிறது. விஞ்ஞானிகள் இதை ‘வேதி நினைவு’ என்கிறார்கள்.

1923-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப், மெத்தனால் தயாரிக்க 300 பார் அளவு அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. 1966-ல் பிரிட்டனின் ஐசிஐ செம்பு வினையூக்கியோடு வந்து அதை 50 முதல் 100 பாருக்கு இறக்கியது. இப்போது பழைய கணக்கு மாறுகிறது. 2023-ல் லாரா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பல் மெத்தனாலில் ஓடத் தொடங்கியது. கார்பன் டை ஆக்சைடிலிருந்தே மெத்தனால் செய்யும் முயற்சிகளும் சூடுபிடித்துள்ளன. அங்கே ஒரு சிக்கல்: உபரியாகத் தண்ணீர் உருவாகிறது. அது செம்புத் துகள்களை வேகமாகப் பெருக்க வைத்து, வினையூக்கியின் ஆயுளைக் குறைக்கிறது.

அதனால்தான் கவனம் இன்னும் ஒரு படி பின்னால் போயிருக்கிறது. செம்பு, துத்தநாக உப்புக் கரைசலில் சோடியம் கார்பனேட் ஊற்றியதும் முதலில் விழுவது பச்சை அல்ல, நீலக் கூழ். ஒழுங்கான படிக அமைப்பே இல்லாத ஜார்ஜைட். கலக்கிக்கொண்டே இருந்தால் திடீரென்று பச்சைக்கு மாறும். கூழில் ஒட்டியிருக்கும் சோடியம் இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துவதோடு வினையூக்கியையும் கெடுக்கும். கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு 2016-ல் நீலத்தையே நிறுத்திப் பிடித்தது. அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு, சோடியம் சேராமல் எடுத்த அந்த ஜார்ஜைட்டிலிருந்து வந்த வினையூக்கி, மாலகைட் வழியாக வந்ததைவிட நன்றாகவே வேலை செய்தது.