தஜ்வீத் வகுப்பும் ஆங்கில வகுப்பும்

முஸ்லிம் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றிப் பேச்செடுத்தால் நம் பெரியவர்கள் சித்தி லெப்பையின் காலத்துக்கே போய்விடுவார்கள். அதில் நியாயமும் உண்டு. அன்று ஆங்கிலப் பாடசாலை என்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைதான். ஆங்கிலத்தோடு மார்க்கமும் மாறிவிடுமோ என்று பெற்றார் அஞ்சினார்கள். கண்டியில் சட்டத்தரணியாக இருந்த எம். சி. சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, அந்த அச்சத்துக்கு மாற்று நம்முடைய பாடசாலைகளே என்று எழுதினார். எகிப்திலிருந்து 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவும் அவருக்குத் துணைநின்றார். 1892இல் மருதானையில் ஆரம்பமான மத்ரஸாதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

இன்று அந்த அச்சம் இல்லை. ஆனால் எங்கள் ஹெவ்லொக் டவுன் ஒழுங்கையில் வேறொன்றைக் காண்கிறேன். பிள்ளை ஐந்தாம் வகுப்பை நெருங்கியதும் ஓதலை நிறுத்திவிட்டு, அந்த நேரத்துக்கு ஆங்கில டியூஷனில் சேர்க்கிறார்கள். ஓதும் நேரம் ஆங்கிலத்துக்கு நட்டம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்பதே என் கட்சி.

தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதலில் இடறுவது ஒலிகள். குடிக்கும் கோப்பியும் எழுதும் கொப்பியும் நம் வாயில் ஒரே ‘ப’வில் முடிகின்றன, ஆங்கிலத்தில் அவை இரண்டு வெவ்வேறு ஒலிகள். மேற்பல்லின் நுனியில் கீழுதட்டைத் தொட்டுக் காற்றை விட்டால் முதற்சொல்லின் ஒலி வரும். சூரத்துல் ஃபலக்கை ஒழுங்காக ஓதும் பிள்ளைக்கு இதை யாரும் புதிதாகக் காட்டத் தேவையில்லை. ‘கவ்ஸர்’ என்பதில் நுனிநாக்கு பல்லிடையே வருகிறதல்லவா? ‘தேங்க் யூ’வின் முதல் ஒலியும் அதுவே. ‘ஸல்ஸலா’வில் வரும் அதிர்வொலிதான் ‘ஸூ’வுக்கும் வேண்டும். எழுத்து பிறக்கும் இடத்தை, அதாவது மக்ரஜை, முஅல்லிமா எத்தனை தடவை திருத்தியிருப்பார்! ஆங்கில ஆசிரியைக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அறபியில் இல்லாத ஒலிகளைத் தமிழ் தருகிறது. சவூதியில் வேலை செய்த என் சாச்சா சொல்வார், அங்கே பலர் ‘பார்க்கிங்’ என்றால் நாய் குரைப்பது போலிருக்குமாம். அறபியில் நமது ‘பாப்பா’வின் ‘ப’ கிடையாது.

இலக்கணத்திலும் கொஞ்சம் உதவி உண்டு. ‘கிதாபுன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘அல்கிதாப்’ என்றால் குறித்த அந்தப் புத்தகம். ‘ஏ’, ‘த’ என்ற ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு ஏறக்குறைய இதுதான். ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் அறிவு, வாழ்க்கை போன்ற பொதுச் சொற்களுக்கும் அறபி ‘அல்’ சேர்க்கும். ஆங்கிலம் பெரும்பாலும் சேர்க்காது. ஓரிடத்தில் மட்டும் தமிழும் அறபியும் சேர்ந்தே நம்மைக் கைவிடுகின்றன. ‘அவள் என் சகோதரி’, ‘ஹிய உக்தீ’ இரண்டிலும் ‘இஸ்’ என்பதற்கு ஈடான சொல் இல்லை. ‘ஷீ மை சிஸ்டர்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது சோம்பலால் அல்ல. இதை ஆசிரியை ஒருமுறை விளக்கினால் பத்துமுறை சிவப்புக் கோடு போட வேண்டியதில்லை.

ஆனால் ஓதலிலிருந்து ஆங்கில வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாத ஒரு பழக்கமும் உண்டு: பொருள் தெரியாமல் மனனம் செய்வது. குர்ஆனை மனனம் செய்வது இபாதத். ‘என் செல்லப் பிராணி’ கட்டுரையை மனனம் செய்வதில் என்ன இருக்கிறது? சாதாரண தரத்தின் இரண்டு ஆங்கில வினாத்தாள்களும் எழுத்துத் தாள்கள் என்பதால் பேசாமலே நல்ல பெறுபேறு எடுத்துவிடலாம். உயர்தரப் பொது ஆங்கிலமோ இஸட் புள்ளியில் சேராது. ஆகவே அதைத் திறந்து பார்ப்பவர்களும் குறைவு. விளைவு பல்கலைக்கழகத்தில் தெரியும். தமிழில் உயிரியல் படித்துப் போன என் சாச்சியின் மகள், மருத்துவ பீடத்தில் முதல் சில மாதங்கள் விரிவுரைகளைப் பதிவுசெய்து இரவில் மூன்று தடவை கேட்டாள். உடலின் ஒவ்வோர் உறுப்பும் அவளுக்குத் தெரியும், அங்கே அவற்றுக்கு வழங்கும் பெயர்கள்தான் தெரியாது.

பெற்றாரே, ஓதலை நிறுத்த வேண்டாம். மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளையை ஆங்கிலத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்ததன் பொருளைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை உங்களுக்குப் படிப்பித்துத் தரட்டும்.