கழுவிய கையை எதில் துடைப்பது?

பத்தாம் வகுப்பு மாணவி

'சுத்தம் சோறு போடும்' என்பது நம் முன்னோர் வாக்கு. உண்ணுமுன் கை கழுவ வேண்டும் என்பதைப் பாலர் வகுப்பிலேயே கற்றுக்கொண்டோம். ஆனால் கழுவிய கையை எப்படி உலர்த்துவது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ரயில் நிலையத்திலும் ஓட்டலிலும் கை கழுவிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வெளியே வருகிறோம். இது சரிதானா?

சரியன்று. 1847-ஆம் ஆண்டு வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவும்படி மருத்துவர்களைப் பணித்தார். பிரசவத்துக்கு வந்த தாய்மாரின் மரணம் வெகுவாகக் குறைந்தது. கைத் தூய்மை உயிர் காக்கும் என்பதற்கு இது சான்று. பிற்கால ஆராய்ச்சிகள் இன்னொன்றையும் காட்டின. நன்றாகக் கழுவினாலும் சில கிருமிகள் தோலில் தங்கிவிடும். ஈரக் கையிலிருந்து அவை பிற பொருள்களுக்கு எளிதில் தாவும். உலர்ந்த கையிலிருந்து அவ்வளவு எளிதாகத் தாவா. ஆகவே உலர்த்துவதும் கழுவுதலின் ஒரு பகுதியே. அதற்குரிய வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, பொதுத் துண்டு. கை கழுவும் தொட்டியருகே ஆணியில் தொங்கும் இதில் வருவோர் போவோர் எல்லாரும் துடைப்பர். ஈரம் காயாத துணி கிருமிகளுக்கு நல்ல குடியிருப்பு. 'மெட்ராஸ் ஐ' என்னும் கண்வலி பரவ இத்தகைய துண்டும் ஒரு காரணம். எனவே இதனை அறவே தவிர்ப்போம்.

இரண்டாவது, காகிதத் துண்டு. இதை ஒருவர் ஒரு முறைதான் பயன்படுத்துவார். தேய்த்துத் துடைப்பதால் எஞ்சிய கிருமிகளில் பலவும் போய்விடும். கதவின் கைப்பிடியையும் அதைக் கொண்டே திறக்கலாம். ஆனால் குப்பை சேரும், மரமும் செலவாகும். 2012-இல் ஜோ ஸ்மித் என்ற அமெரிக்கர் ஓர் எளிய வழி சொன்னார்: கையைப் பன்னிரண்டு முறை உதறி, தாளை மடித்துத் துடைத்தால் ஒரு தாளே போதும்!

மூன்றாவது, மின்சார உலர்த்தி. வெப்பக்காற்று வகையில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். பொறுமையற்றோர் பாதியில் உடையில் துடைத்துக்கொண்டு நடப்பர். 1993-இல் ஜப்பானின் மிட்சுபிஷியும், 2006-இல் பிரிட்டனின் டைசனும் வேகக்காற்றுக் கருவியைக் கொண்டுவந்தன. அது விரைவில் உலர்த்தும்; ஆனால் கையின் நீர்த்துளிகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். அதனருகே காற்றில் கிருமி மிகுதி என்று 2014-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டனர். அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்கள் காகிதத் துண்டு உற்பத்தியாளர்கள். அதுபோலவே, சுற்றுச்சூழலுக்கு வேகக்காற்றே நல்லது என்ற 2011-ஆம் ஆண்டு ஆய்வு டைசனுக்காகச் செய்யப்பட்டது. இதனால் இவை பொய்யாகிவிடா. ஆனால் எந்த ஆய்வையும் யார் செலவில் நடந்தது என்று கேட்டுப் படிப்பது நல்லது.

இக்கருவிகளின் இரைச்சலையும் நாம் மறக்கலாகாது. கனடாவின் நோரா கீகன் என்ற சிறுமி, ஒன்பது வயதில் தொடங்கி, குழந்தைகளின் காது உயரத்தில் இதை அளந்தார். சில கருவிகள் 100 டெசிபலைத் தாண்டின. 2019-இல், பதின்மூன்று வயதில், இதை மருத்துவ இதழில் வெளியிட்டார். "காது வலிக்கிறது" என்று சிறு தங்கையர் அழுதால் அதட்டாதிருப்போம். அவர்கள் சொல்வது உண்மை.

நான்காவது, நம் கைக்குட்டை. நம் ஊர்ப் பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் காகிதமும் இல்லை, கருவியும் இல்லை. அங்கே இதுவே துணை. ஜப்பானியர் பலர் இதற்கென்றே கைக்குட்டை வைத்திருக்கின்றனர். ஆனால் மூன்று விதிகள் உண்டு: நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும், மூக்கு துடைக்க வேறொன்று வேண்டும், உயிர்த் தோழிக்கும் இரவல் தரலாகாது! நாள் முழுதும் தூசி படியும் தாவணியும் முந்தானையும் கைக்குட்டை ஆகா.

ஆகவே தோழியரே, சோப்பிட்டுக் கழுவுவோம், நன்றாக உதறுவோம். காகிதம் இருந்தால் ஒரு தாள் எடுப்போம். வெப்பக்காற்று இருந்தால் முற்றும் உலரும்வரை நிற்போம். இரண்டும் இல்லையேல் கைக்குட்டையை எடுப்போம். நோயின்றி வாழ்வோம், பிறருக்கும் நோய் தராது வாழ்வோம்!