தூக்கிப் பார்க்காமல் தொகையைக் கொடுக்காதீர்கள்

(பழைய கேபின் குரூசர் படகு வாங்க நினைப்போருக்காகத் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை மாலை பாசிர் ரிஸ் பூங்காவின் கடற்கரையில் நின்று பாருங்கள். எதிரே புலாவ் உபின். நடுவே மீன் பண்ணைகள். அவற்றைத் தாண்டி ஒரு வெள்ளைப் படகு மெல்லப் போகும். உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, கழிவறை எல்லாம் உண்டு. இதைத்தான் கேபின் குரூசர் என்கிறோம். ‘நாமும் ஒன்று வாங்கினால் என்ன?’ என்று மனம் கேட்கும். பழைய படகு, சில வேளை ஒரு புதிய காரைவிட மலிவாகவே கிடைக்கும்.

எனக்குத் தெரிந்த நான்கு நண்பர்கள் அப்படித்தான் சேமிப்பைப் போட்டு ஒன்று வாங்கினார்கள். புதுச் சாயம், புது மெத்தை, பளபளக்கும் கைப்பிடி. அரை மணி நேரம் சுற்றிக் காட்டியதும் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது பயணத்தில், குழந்தைகளும் உடன் இருந்தபோது, இயந்திரம் நின்றது. மூடியைத் திறந்தால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கடல்நீரை இயந்திரத்துக்குக் கொண்டுவரும் ரப்பர் குழாய் உளுத்துப் பிளந்திருந்தது. தண்ணீரை இறைக்கும் பம்பு வேலை செய்யவில்லை. மீன் பண்ணைப் படகு ஒன்று கட்டி இழுத்துவந்ததால் தப்பினார்கள். அந்தக் குழாயின் விலை ஒரு குடும்பத்தின் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். படகு விஷயத்தில் அது அப்படியே பொருந்தும்.

காரும் படகும் ஒன்றல்ல

பழைய கார் வாங்கிப் பழகியவர்கள் நாம். அதே கண்ணோடு படகைப் பார்ப்பதுதான் முதல் தவறு. காருக்கு 10 ஆண்டு சிஓஇ இருக்கிறது. மூன்று வயதானதும் குறித்த காலத்தில் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். படகுக்கு சிஓஇ கிடையாது. அதனால் 20, 30 வயதுப் படகுகளும் விற்பனைக்கு வருகின்றன.

இன்னொன்று, காரில் குறைந்த தூரம் ஓடியிருந்தால் நல்லது என்போம். படகு இயந்திரத்துக்கு ஓடிய மணிக்கணக்கைப் பார்ப்பார்கள். 20 ஆண்டுப் படகு 200 மணி நேரம்தான் ஓடியது என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். உப்பு நீரில் சும்மா கிடந்த இயந்திரம் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். மாதந்தோறும் ஓடி, முறையாக எண்ணெய் மாற்றப்பட்ட இயந்திரமே மேல். பராமரிப்பு ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கரையில் பார்க்க வேண்டியவை

படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. தூக்கும் செலவை நீங்களே கொடுத்தாலும் சரி.

நம் ஜோகூர் நீரிணையின் தண்ணீர் வெதுவெதுப்பானது, உயிர்ச்சத்து மிகுந்தது. 2015இல் இந்தப் பகுதி மீன் பண்ணைகளில் நுண்பாசி பெருகி ஏராளமான மீன்கள் செத்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். இப்படிப்பட்ட நீரில் சில மாதம் அசையாமல் கிடந்தாலே படகின் அடியில் சிப்பிகள் அப்பிக்கொள்ளும். வேகம் குறையும், எண்ணெய் அதிகம் குடிக்கும். நீர் உறிஞ்சும் துளை அடைபட்டால் இயந்திரம் சூடேறிவிடும்.

அடிப்பாகத்தைச் சுத்தம் செய்தபின் கொப்புளங்கள் உண்டா என்று தடவிப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் தண்ணீர் ஊறினால் கொப்புளம் வரும். உடைத்தால் வினிகர் வாடை அடிக்கும். ஒன்றிரண்டு என்றால் சரிசெய்யலாம். அம்மை போட்டதுபோல் எங்கும் இருந்தால் விலகிவிடுங்கள்.

பிறகு தட்டிப் பாருங்கள். தேக்கா சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? அதேபோல் பிளாஸ்டிக் தலை உள்ள சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. தொப்பென்று கேட்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் மரம் ஊறி மக்கியிருக்கலாம். இயந்திரம் பொருத்தியிருக்கும் பின்பலகையை விட்டுவிடாதீர்கள். மேல்தளத்தில் நடக்கும்போது கால் அமுங்கினாலும் அதே சந்தேகம்தான்.

புரொப்பெல்லர் அருகே துத்தநாகக் கட்டிகள் இருக்கும். மற்ற உலோகங்களைக் காப்பாற்றத் தாம் கரைந்து போவதுதான் அவற்றின் வேலை. பாதி கரைந்திருந்தால் இயல்பு. அடியோடு காணாமல் போயிருந்தால், அடுத்து அரிக்கப்பட்டது புரொப்பெல்லரும் தண்டும்தான்.

தண்ணீரில் பார்க்க வேண்டியவை

நீங்கள் வருமுன் இயந்திரத்தை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இயந்திரத்தின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆறிய இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை தெரியும்.

எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கிளம்பியபின் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை, அல்லது இயந்திரம் சுமை தாங்கவில்லை. வெண்புகை விடாமல் வந்தால் உள்ளே தண்ணீர் கசியலாம்.

பெட்ரோல் படகு என்றால் கூடுதல் கவனம் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிக்குழியில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். எனவே இயந்திரத்தைக் கிளப்புமுன் காற்றோட்ட விசிறியை 4 நிமிடமாவது ஓடவிட வேண்டும். அந்த விசிறி வேலை செய்யாத படகில் ஏறாதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் சாவியையே தொடாதீர்கள்.

அடுத்து, கரைக்கு அருகிலேயே சுற்றிவந்து திருப்தி அடையாதீர்கள். முழு வேகத்தில் ஓட்டி, வெப்பமானியைப் பாருங்கள். பிறகு வழக்கமான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் அடிக்குழியைத் திறந்து புதிதாகத் தண்ணீர் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒவ்வொரு ரப்பர் குழாயையும் கையால் அழுத்துங்கள். வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டும். கடல்நீர் வால்வுகள் கையால் திறந்து மூட வேண்டும். இறைப்பான் பம்பு தானாக ஓடுகிறதா என்று தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள்.

அமெரிக்காவில் செய்த படகு என்றால் அதன் மின்சாதனங்கள் 120 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்கலாம். நம் கரை மின்சாரம் 230 வோல்ட். முறையாக மாற்றியிருக்கிறார்களா என்று மின்வல்லுநரை வைத்துப் பாருங்கள்.

காகிதமும் முக்கியம்

உரிமம் விற்பவர் பெயரில் இருக்கிறதா? படகின் பின்புற வலப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணும், இயந்திர எண்ணும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா? படகின்மேல் கடன் பாக்கி உண்டா? துறைமுக எல்லைக்குள் ஓடும் படகுக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு என்னென்ன தேவை என்று கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் பணம் கொடுக்குமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேயர்களின் கேள்விகள்

“ஐயா, இத்தனையும் நானே பார்க்கிறேன். சர்வேயருக்கு எதற்கு வீண்செலவு?” என்று ஒருவர் கேட்டார்.

நீங்கள் பார்ப்பது, எந்தப் படகை ஒதுக்குவது என்று முடிவு செய்ய. சர்வேயர் பார்ப்பது, எந்தப் படகை வாங்குவது என்று முடிவு செய்ய. அவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் காட்டும் ஆளை வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் அறிக்கையைக் காட்டி விலையையும் குறைக்கலாம். காப்புறுதி நிறுவனமும் அதைக் கேட்கக்கூடும். ‘சர்வே திருப்தி அளித்தால் மட்டுமே வாங்குவேன்’ என்று எழுதிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

“வாங்கிய படகை எங்கே நிறுத்துவது?” என்று ஓர் அம்மா கேட்டார். சரியான கேள்வி. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். படகை வாங்கினால் அதன் நிறுத்துமிடமும் சேர்ந்து வரும் என்று நினைக்காதீர்கள். படகுத்துறையிடம் எழுத்தில் உறுதி பெறுங்கள். நிறுத்தக் கட்டணம், அடிப்பாகச் சாயம், காப்புறுதி, பழுது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்காவது ஆகும் என்பது படகுக்காரர்களின் பொதுக்கணக்கு. பழைய படகுக்கு அதற்கு மேலும் ஆகலாம். யானையை வாங்குவது எளிது, தீனி போடுவதுதான் கடினம்.

கடைசியாக ஒன்று. விடியற்காலையில் ‘சுமத்ரா’ காற்று வரும் நாள்களை நீங்கள் அறிவீர்கள். தெளிந்த வானம் சிறிது நேரத்தில் இருண்டு, காற்றும் மழையும் சுழன்றடிக்கும். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றால், இழுவைப் படகுகள் போகும் பாதைக்கோ எல்லைக்கு அப்பாலோ நீரோட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போகும். அப்போது புது மெத்தை உதவாது. நல்ல குழாய், ஓடும் பம்பு, ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, இவைதான் உதவும்.

எனவே சாயத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். மூடியைத் திறந்து பாருங்கள், படகைத் தூக்கிப் பாருங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கடலும் எங்கும் போகாது, வேறு படகும் வரும்.